நெட்டிலிருந்து ஓஎஸ் ஏற்றுவது: கடலூர், புதுச்சேரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் நீலத்திரையில் நிற்கிறது, அல்லது மேக் கேள்விக்குறி போட்ட ஃபோல்டரைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது. கையில் பென்டிரைவ் இல்லை, இணையம் மட்டும் இருக்கிறது. அந்த நேரத்தில் வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

நெட்டிலிருந்தே ஓஎஸ் போடலாம் என்கிறார்கள். எல்லாக் கணினியிலும் முடியுமா?

முடியாது. ஓஎஸ், அதாவது விண்டோஸ், மேக்ஓஎஸ் போன்ற இயங்குதளம், செத்துப்போன கணினியில் நெட்டைத் தொடவும், கோப்பை இறக்கவும், டிஸ்கில் எழுதவும் ஒரு சின்ன நிரல் உயிரோடு இருக்க வேண்டும். அது எங்கே குடியிருக்கிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

2011 நடுவிலிருந்து வந்த இன்டெல் மேக்குகளில் அது மதர்போர்டு சில்லில் பதிந்த ஃபர்ம்வேர் என்ற நிரலிலேயே இருக்கிறது. டிஸ்க் காலியாக இருந்தாலும், புதிதாக மாற்றியிருந்தாலும் வேலை செய்யும். விண்டோஸில் அது டிஸ்கின் ஒரு மறைவான பகுதியில், ரெக்கவரி பார்ட்டிஷனில் இருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் கூடவே போய்விடும். எம்1 முதலான ஆப்பிள் சிப் மேக்குகளிலும் ரெக்கவரி உள்ளேயுள்ள எஸ்எஸ்டியில்தான். ஆனால் அங்கே ஒன்று கெட்டால் கைகொடுக்க இன்னொரு பிரதி உண்டு.

பழைய ஹார்டுடிஸ்கை எடுத்துவிட்டுப் புது எஸ்எஸ்டி போட்டேன். ரெக்கவரி எதுவுமே வரவில்லையே?

விண்டோஸ் மடிக்கணினி என்றால் வராது. விண்டோஸை நெட்டிலிருந்து இறக்கும் கிளவுட் டவுன்லோட் வசதி பழைய டிஸ்கோடு போய்விட்டது. இன்னொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி அல்லது அதற்கு மேலான பென்டிரைவில் இன்ஸ்டாலரை உருவாக்குங்கள். பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விதிவிலக்கு சில உண்டு. டெல்லின் பல மாடல்களில் பயாஸ்கனெக்ட் என்ற வசதி ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது. ஆன் செய்ததும் எஃப்12-ஐத் தட்டி, வரும் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டெல்லின் சர்வரிலிருந்து மீட்பு நிரலை நேரடியாக இறக்கிக்கொள்ளும். எச்பிக்கு கிளவுட் ரெக்கவரி டூல் இருக்கிறது, ஆனால் அது வேறொரு விண்டோஸ் கணினியில் ஓடி, 32 ஜிபி பென்டிரைவில் எழுதித் தரும் வகை. மடிக்கணினியின் அடியில் ஒட்டியுள்ள புராடக்ட் எண் அதற்குத் தேவை. ஸ்டிக்கர் தேய்ந்திருந்தால் பயாஸுக்குள், அதாவது ஃபர்ம்வேரின் அமைப்புத் திரைக்குள், சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பார்க்கலாம்.

புது எஸ்எஸ்டி போட்ட 11-ஆம் தலைமுறை இன்டெல் மற்றும் அதற்குப் பிந்தைய மடிக்கணினிகளில் இன்னொரு சிக்கலும் வரும். இன்ஸ்டாலர் திறக்கும், ஆனால் டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கும். எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலும் எஸ்எஸ்டியை இன்ஸ்டாலருக்குக் காட்டும் இன்டெல் விஎம்டி டிரைவர் இல்லாததுதான் காரணம். தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலுக்கான ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, 'லோட் டிரைவர்' வழியாகக் காட்டினால் டிஸ்க் தெரியும்.

எவ்வளவு டேட்டா பிடிக்கும்? மொபைல் ஹாட்ஸ்பாட் போதுமா?

விண்டோஸ் கிளவுட் டவுன்லோட் 4 ஜிபிக்கு மேல் இழுக்கும் என்று அதன் திரையிலேயே எச்சரிக்கும். அண்மைய மேக்ஓஎஸ் என்றால் 12 ஜிபிக்கு மேல். இன்டர்நெட் ரெக்கவரி தொடங்குவதற்கே அதற்கு முன் சில நூறு எம்பி தனியாக இறங்கும். 40 எம்பிபிஎஸ் ஃபைபரில் 4 ஜிபி சுமார் 13 நிமிடம், 13 ஜிபி என்றால் முக்கால் மணி நேரம். காகிதக் கணக்கு இது. மாலை 7 மணிக்கு மேல் தெருவே படம் பார்க்கும்போது இரட்டிப்பாகும்.

ஹாட்ஸ்பாட்டில் மாட்டிக்கொள்வது டேட்டா கோட்டாவில்தான். தினம் 2 ஜிபி என்ற பேக்கில், கோட்டா முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கிவிடும் திட்டங்கள் பல. அந்த வேகத்தில் மீதி 2 ஜிபி இறங்க ஏறக்குறைய 3 நாள் ஆகும். திரையில் சதவீதம் அசையாது, பிழை என்றும் சொல்லாது. கணினி தொங்கிவிட்டது என்று பலரும் பவரை அணைப்பது இந்த இடத்தில்தான். தொடங்கும் முன் டேட்டா பூஸ்டர் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது வரம்பில்லாத இணைப்புள்ள வீட்டுக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

போனில் நெட் நன்றாக ஓடுகிறது. ரெக்கவரியில் மட்டும் அதே வைஃபை வேலை செய்யவில்லை, ஏன்?

ரெக்கவரி நிரல் மிகவும் எளிமையானது. பாஸ்வேர்ட் கேட்டு, ஐபி முகவரியைத் தானாக வாங்கி, நெட்டைத் தொடுவதோடு அதன் திறமை முடிந்துவிடும். இடையில் வேறு எதைக் கேட்டாலும் தடுமாறும்.

லாகின் பக்கம் திறந்து பயனர் பெயர் கேட்கும் வைஃபை ஆகாது. காலாப்பட்டுப் பக்கத்து ஹாஸ்டல்கள், விடுதி லாட்ஜுகள், சில கேபிள் டிவி ஆபரேட்டர் இணைப்புகள் இந்த ரகம். ஊழியர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் அலுவலக வைஃபையும், ப்ராக்ஸி வைத்த நெட்வொர்க்கும் ஆகாது. இன்னொன்று பழைய பிராட்பேண்ட் வீடுகளில் இன்றும் இருக்கிறது: மோடம் பிரிட்ஜ் முறையில் கிடக்கும், கணினியில்தான் 'பிராட்பேண்ட் கனெக்‌ஷன்' என்ற ஐகானை அழுத்தி டயல் செய்வார்கள். ஓஎஸ் போனால் அந்த டயலரும் போனது. இணைப்பு தருபவரிடம் சொல்லி, அந்த டயல் இணைப்புக்கான (பிபிபிஓஇ) பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் ரௌட்டருக்குள்ளேயே போடச் சொல்லுங்கள்.

ரௌட்டர் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் தற்காலிகமாக டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். பழைய கணினி என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையையும் திறந்து வையுங்கள். ஐபோன் ஹாட்ஸ்பாட்டில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதை ஆன் செய்தால் அந்தப் பட்டைக்கு வந்துவிடும்.

இவ்வளவு வம்புக்கும் ஒரே மருந்து லேன் கேபிள். ரௌட்டரிலிருந்து நேராகச் சொருகிவிட்டால் பாதிச் சிக்கல் கிடையாது. ஆனால் தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போன்ற கடலோர வீடுகளில் அந்தத் துளையைச் சொருகும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் வரிசையாக மஞ்சளாக மின்ன வேண்டும். உப்புக்காற்றில் ஒன்றிரண்டில் பச்சை பூத்திருந்தால் விளக்கு எரியும், ஆனால் இணைப்பு விட்டுவிட்டு வரும். 4 ஜிபி இறங்கும்போது அது தாங்காது. கணினியை அணைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் கம்பிகள் ஓடும் திசையிலேயே துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் சொருகுங்கள்.

விண்டோஸில் படிப்படியாக எப்படிச் செய்வது?

விண்டோஸ் எப்படியாவது திறக்கிறது என்றால் உள்ளிருந்தே தொடங்குங்கள். வைஃபை டிரைவர் எல்லாம் அங்கே இருக்கிறது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி. அங்கே முதலில் கண்ணில் பட வேண்டியது ரீசெட் அல்ல. 'விண்டோஸ் அப்டேட் வழியாகப் பிரச்சினையைச் சரிசெய்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கும் 'ரீஇன்ஸ்டால் நவ்' பட்டன். இப்போதிருக்கும் அதே பதிப்பை நெட்டிலிருந்து இறக்கி மேலே எழுதும். கோப்புகள், மென்பொருள்கள், அமைப்புகள் மூன்றும் அப்படியே நிற்கும். டேலி, தமிழ் எழுத்துரு, பிரிண்டர் எல்லாம் மறுபடி போடும் வேலை மிச்சம். இந்தப் பட்டனைத் தாண்டிப்போய் நேராக ஃபார்மட் அடிப்பது வீண்வேலை என்பதே எங்கள் கருத்து.

அதில் தீரவில்லை என்றால் 'ரீசெட் திஸ் பிசி'. முதல் கேள்வி, கோப்புகளை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் நீக்கவா. முதலாவதைத் தேர்ந்தாலும் மென்பொருள்கள் போய்விடும். உங்கள் கோப்புகள் மட்டும் நிற்கும். அடுத்த கேள்வி, கிளவுட் டவுன்லோடா, லோக்கலா. லோக்கல் என்றால் டிஸ்கில் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் கோப்புகளை வைத்தே மறுபடி கட்டும். அந்தக் கோப்புகளே கெட்டதால்தான் இங்கே வந்தீர்கள் என்றால் கிளவுட்டைத் தேர்வதே சரி. இந்த வசதி விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பிலிருந்து, அதாவது 2020 மே அப்டேட்டிலிருந்து இருக்கிறது. சி டிரைவில் 20 ஜிபியாவது காலி வையுங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரைச் சொருகிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

விண்டோஸ் திறக்கவே இல்லையென்றால், லோகோ வரும் நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் தானாக ரெக்கவரி திரை வரும். ட்ரபிள்ஷூட், ரீசெட் திஸ் பிசி, மேலே சொன்ன அதே கேள்விகள். இங்கே லேன் கேபிள் இருந்தால் நல்லது.

48 இலக்க எண் கேட்கிறதே?

அது டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியின் ரெக்கவரி கீ. இந்த எண் இல்லாமல் டிஸ்கில் இருப்பதை யாராலும் திறக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடையையும் நம்ப வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸை அமைத்திருந்தால் அந்தக் கணக்கில் பதிந்திருக்க வாய்ப்பு அதிகம். போனில் அதே மின்னஞ்சலில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பாருங்கள். பல கீகள் இருந்தால் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளோடு பொருந்துவதை எடுங்கள். கணினி வாங்கியபோது கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டு அமைத்துக் கொடுத்திருந்தால் கீ அவர் கணக்கில் இருக்கும். முதலில் அவரைக் கேளுங்கள். எங்குமே கிடைக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் நீக்கி ஏற்றுவது ஒன்றுதான் வழி.

மேக்கில் எந்தக் கீ?

இன்டெல் மேக்கில் ஆன் செய்த உடனே அழுத்திப் பிடிக்க வேண்டும். கமாண்ட், ஆர் இரண்டும் சேர்த்தால் டிஸ்கில் உள்ள ரெக்கவரி. அது இல்லையென்றால் தானாக நெட்டுக்குப் போகும். ஆப்ஷன், கமாண்ட், ஆர் மூன்றும் சேர்த்தால் நேராக நெட், அந்த மேக் தாங்கும் மிகப் புதிய ஓஎஸ். ஷிஃப்டையும் சேர்த்து நான்கு என்றால் அந்த மேக் வாங்கியபோது வந்த ஓஎஸ், அல்லது இன்னும் கிடைப்பதில் அதற்கு நெருக்கமானது. சுழலும் பூமி உருண்டை வந்ததும் கையை எடுக்கலாம்.

பழைய மேக்குக்கு நாலு கீ வழியைத் தேர்ந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். சியரா அல்லது அதற்கு முந்தைய ஓஎஸ் வந்து, டிஸ்க் முன்பு ஏபிஎஃப்எஸ் என்ற புதிய ஆப்பிள் வடிவத்தில் இருந்திருந்தால், டிஸ்க் யுடிலிட்டி அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாது. வியூ மெனுவில் 'ஷோ ஆல் டிவைசஸ்' இருந்தால் அதை அழுத்தி, டிஸ்கின் முழுப்பெயர் உள்ள மேல்வரியைத் தேர்ந்து, மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட் ஜர்னல்ட் வடிவமும் ஜியுஐடி அமைப்பும் கொடுத்து அழியுங்கள். டிஸ்கில் உள்ளது அனைத்தும் போய்விடும்.

ஆப்பிள் சிப் மேக்கில் இந்தக் கீகள் எதுவும் கிடையாது. அணைத்துவிட்டு, பவர் பட்டனையே 'ஸ்டார்ட்அப் ஆப்ஷன்ஸ்' என்று வரும்வரை பிடித்திருங்கள். அதுவும் வராமல் ஆச்சரியக்குறி மட்டும் நின்றால் இன்னொரு மேக் வேண்டும். இரண்டையும் யுஎஸ்பி-சி கேபிளால் இணைத்து, டிஎஃப்யு என்ற ஃபர்ம்வேர் மீட்பு முறையில் சரிசெய்ய வேண்டும். டேட்டாவும் கடத்தும் சாதாரண யுஎஸ்பி-சி கேபிள் வேண்டும்; தண்டர்போல்ட் 3 கேபிள் ஆகாது. 'ரிவைவ்' கோப்புகளைத் தொடாது, 'ரீஸ்டோர்' எல்லாவற்றையும் அழிக்கும். முதலில் ரிவைவ்.

உருண்டையில் ஆச்சரியக்குறி வருகிறது. அல்லது 'ரெக்கவரி சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்கிறது.

ஆச்சரியக்குறியோடு -2003எஃப் போன்ற எண் வந்தால் பெரும்பாலும் நெட்வொர்க்தான். மேலே வைஃபை பற்றிச் சொன்னதைப் பார்த்து, வேறு இணைப்பில் முயலுங்கள்.

ரெக்கவரி திறந்தபின் சர்வர் கிடைக்கவில்லை என்றால் முதலில் தேதியைச் சந்தேகியுங்கள். பல மாதம் சும்மா கிடந்து பேட்டரி முழுக்க இறங்கிய மேக்கில் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போயிருக்கும். தேதி தவறென்றால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், இணைப்பு மறுக்கப்படும். யுடிலிட்டீஸ் மெனுவில் டெர்மினலைத் திறந்து, 'டேட்' என்பதைச் சின்ன ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டினால் தேதி தெரியும். மாற்ற, அதே சொல்லுக்குப்பின் இடைவெளி விட்டு மாதம், நாள், மணி, நிமிடம், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் என்று 10 இலக்கம். 2026 ஜனவரி 15, காலை 9.30 என்றால் 0115093026. சில மணி நேர வித்தியாசம் பரவாயில்லை.

டெஸ்க்டாப் பிசியிலும் இதே கதைதான். அங்கே மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றி, பயாஸில் தேதி வைத்துவிட்டுத் தொடருங்கள்.

பிரான்ஸிலிருந்து உறவினர் கொண்டுவந்த மடிக்கணினி. பாஸ்வேர்ட் சரியாகப் போட்டும் தவறு என்கிறது.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல். பிரெஞ்சு விசைப்பலகையில் ஏ இருக்கும் இடத்தில் நம் பலகையில் க்யூ. இசட் இருக்கும் இடத்தில் டபிள்யூ. எம் தள்ளி இருக்கும். எண்களுக்கு ஷிஃப்ட் வேண்டும். ரெக்கவரி ஒரு அமைப்பையும் விசையில் அச்சிட்டிருப்பது வேறொன்றையும் சொன்னால் பாஸ்வேர்ட் தவறாகத்தான் போகும். விண்டோஸ் ரெக்கவரி தொடக்கத்தில் விசைப்பலகை எது என்று கேட்கும்போது பிரெஞ்சையே தேருங்கள். கண் போல வரும் குறியை அழுத்தி, என்ன எழுத்து விழுகிறது என்று பார்த்துக்கொண்டே அடியுங்கள். அல்லது ரௌட்டரில் விருந்தினர் வைஃபை ஒன்றைத் திறந்து, இரண்டு பலகையிலும் ஒரே இடத்தில் இருக்கும் எழுத்துகளை மட்டும் வைத்துப் பாஸ்வேர்ட் கொடுங்கள். மேக்கின் ஆர் விசை இரண்டிலும் ஒரே இடம்தான்.

கிளவுட் டவுன்லோட் ஏற்கெனவே இருந்த அதே மொழியைத்தான் கொண்டுவரும். ஆகவே பிரெஞ்சு விண்டோஸ் பிரெஞ்சாகவே திரும்பி வரும். ஹோம் சிங்கிள் லேங்குவேஜ் பதிப்பில் பிறகு மொழி மாற்றுவதும் எளிதல்ல.

நடுவில் கரண்ட் போனால்?

இறங்கிக்கொண்டிருக்கும்போது போனால் பயமில்லை. பழைய ஓஎஸ் அப்படியே இருக்கும், மறுபடி தொடங்கலாம். ரீஸ்டார்ட் ஆகி, கறுப்புத் திரையில் சதவீதம் ஓடும்போது போவதுதான் ஆபத்து. அப்போது நெட் தேவையில்லை, மின்சாரம் மட்டும் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் தொடங்காதீர்கள். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் வேண்டும். ரௌட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்தால் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டிலும் டவுன்லோட் அறாது.

தானே (2011), ஃபெஞ்சல் (2024) இரண்டும் கரையேறிய பகுதி இது. புயலுக்குப்பின் கம்பத்தோடு ஃபைபரும் விழுந்துவிட்டால் நெட் வழி மீட்பு என்ற பேச்சே கிடையாது. மழைக்காலத்துக்கு முன், ஐப்பசி பிறப்பதற்குள், ஒரு இன்ஸ்டாலர் பென்டிரைவ் செய்து வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் புகுந்த கணினியை எந்த வழியிலும் ஆன் செய்து பார்க்காதீர்கள்.

ஒரே சதவீதத்தில் நிற்கிறது. அணைக்கலாமா?

டிஸ்க் விளக்கு மினுங்கினால் விட்டுவிடுங்கள். சுழலும் ஹார்டுடிஸ்க் என்றால் 3, 4 மணி நேரம் சாதாரணம். விளக்கே அசையாமல், டிஸ்கிலிருந்து டிக் டிக் என்ற சத்தம் வந்தால் டிஸ்க் போகிறது. எத்தனை முறை ஏற்றினாலும் நிற்காது.

ஏற்றியபின் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை. முன்பு ஆகியிருந்ததே?

கணினியோடு வந்த உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது. அதே பதிப்பு என்றால் நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். ஆகவில்லை என்றால், வாங்கியபோது ஹோம் இருந்து, இடையில் யாரோ கிராக் செய்த புரோவை ஏற்றியிருக்கலாம். கிளவுட் டவுன்லோட் டிஸ்கில் இருந்த பதிப்பையே, அதாவது புரோவையே கொண்டுவரும், அதற்கு உங்களிடம் உரிமம் இல்லை. மீடியா கிரியேஷன் டூலால் ஹோம் ஏற்றினால் உண்மையான உரிமம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

பழைய மேக் வாங்கியவர்களுக்கு வேறொரு பூட்டு: ஆக்டிவேஷன் லாக். முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கைக் கேட்டால், அவர் நீக்கினால்தான் திறக்கும். பணம் கொடுக்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினிக்கு?

விண்டோஸும் போஸ் லினக்ஸ் என்ற இலவச ஓஎஸும் சேர்ந்து வந்த அந்தத் தொடக்கக் கால இயந்திரங்களில் கிளவுட் டவுன்லோட் கிடையாது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி வேண்டும், இவை தேறாது. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆகவே டெபியன் என்ற இலவச லினக்ஸ் ஓஎஸைப் போடலாம். அதன் நெட் இன்ஸ்டால் கோப்பு 1 ஜிபிக்குள் அடங்கும். பென்டிரைவிலிருந்து அதைத் தொடங்கினால் மீதியை லேன் கேபிள் வழியாக இழுத்துக்கொள்ளும். எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ திரையைத் தேர்ந்தால் படிப்புக்கும் தட்டச்சுக்கும் போதுமான வேகத்தில் ஓடும்.

எல்லாம் முடிந்தது. ஆனால் தொடக்க அமைப்பில் வைஃபையே காட்டவில்லை, நெட் இல்லாமல் மேலே போகவும் விடவில்லை.

பென்டிரைவிலிருந்து புதிதாக ஏற்றினால் இது சகஜம். அந்த வைஃபை சில்லுக்கான டிரைவர் இன்ஸ்டாலரில் இல்லை. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளால் சொருகி, ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். விண்டோஸ் பெரும்பாலும் அதை லேன் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளில் அந்த ஆப்ஷனே மங்கலாக இருக்கும். போனோடு பெட்டியில் வந்த கேபிளைப் பயன்படுத்துங்கள். அமைப்பு முடிந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஒருமுறை ஓடவிட்டால் வைஃபை டிரைவர் பெரும்பாலும் தானாக வந்துவிடும்.